ஏழாவது சட்டை

9 மார்ச் 2016, எம்மன்புரூக்கே

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பொதுத் தோய்க்கும் மெஷினில் இன்று எங்கள் முறை. அடுத்த முறை மூன்று கிழமை கழித்துத்தான். பிள்ளை அதற்குள் பிறந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரி தந்த ஆறு குழந்தைச் சட்டைகளையும் தோய்த்துக் கீழேயே கொடிகளில் காயப்போட்டேன்.

இவரின் அம்மா, மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "பிறக்க முதல் ஒண்டும் எடுத்து வைக்கக்கூடாதெண்டு சொன்னனான் எல்லோ?"

போன தடவை எல்லாம் வாங்கி வைத்திருந்தோம். அதை எழுத மனமில்லை.

"நீர் போய்ப் படும். நான் பாக்கிறன்" என்று கீழே போனார். எறிந்துவிடுவாரோ என்று நினைத்தபடியே இடப்பக்கம் சரிந்து படுத்திருந்தேன்.

பின்னேரம் மெல்ல இறங்கிப் பார்த்தேன். யார் கண்ணும் படாதபடி முன்கொடியில் தன் சேலையை விரித்துப் போட்டிருந்தார். விலக்கினேன். ஏழு சட்டைகள். ஏழாவது, மாமியின் பழைய பருத்திச் சேலையில் கையால் தைத்தது. இன்னும் ஈரமாக இருந்தது.