பதினொரு வருடத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள், அண்ணை

எனக்கு முந்திப் பிறந்து, எனக்குச் சொல்லாமலே முந்திப் போய்விட்ட என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிப் பாட்டும் போடலாம் என்று எசன் நகரத் தமிழ்ச் சங்கத்து மலர்க்காரர் கேட்டார்கள். "பாட்டு ஆயத்தமா இருக்கு அண்ணை, பேரை மட்டும் மாத்தினாச் சரி" என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபம்! என் அண்ணைக்கு இன்னொருவருடைய பாட்டா? பக்கத்தை அப்படியே எனக்கு விடுங்கள், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனித் தமிழருக்குள் என்னைப் போல் கடிதம் எழுதக்கூடிய ஆள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பேசாமல் விட்டுவிட்டார்கள்.

மத்தியானக் கூட்டம் போய், பின்னேரக் கூட்டம் வருவதற்கிடையில் கிடைக்கிற நேரம் இது. பேர்லின் நொய்கெல்னில் எங்கள் உணவகத்தின் பின்பக்கம், வெங்காயச் சாக்கின் மேல் இருந்து எழுதுகிறேன். ஆறுதலாக நாலு நல்ல கதை எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. வயிறு எரிகிறது அண்ணை. உங்கள் மகள் சுபாவுக்கு இன்னும் விசா வரவில்லை.

என்ன விசா என்று கேட்பீர்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"சித்தப்பா, நான் திரும்பப் படிக்கப் போறன். தண்ணியைச் சுத்தமாக்கிற படிப்பு. அங்க ஜெர்மனியில இருக்குதாம். சிரிக்காதேங்கோ."

நான் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் ஒரு பெண்பிள்ளை, எல்லாரும் "இனி என்ன" என்று சொல்லுகிற வயதில், படிக்கப் போகிறேன் என்கிறாள். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று என் மனுசி ராணிக்குச் சொன்னேன். அன்று நான் வெங்காயம் வெட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகம் அவளை எடுத்துவிட்டது அண்ணை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் விண்ணப்பம் போட்டதில் இவள் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள் என்று முருகன் கோயிலில் சொன்னேன். வேறு சிலரையும் எடுத்திருப்பார்கள்தான். அவர்கள் எனக்கு என்ன சொந்தமா? பிள்ளைக்குப் பொறுப்பு நான் என்று இங்கே கந்தோரில் போய்க் கையெழுத்தும் வைத்தேன். அந்தக் கையெழுத்தைப் பார்த்து அங்கிருந்த அம்மாவே அசந்துபோனார். "ரெண்டு கோடு தாண்டி எழுதிப்போட்டார் எண்டுதான் அந்த மனுசி பார்த்தவ" என்பாள் ராணி. அவள் அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் அரை உயிர் போனது. கொழும்புத் தூதரகத்தில் விசாவுக்கு ஒரு தெர்மின், அதுதான் அங்கே போய் நிற்பதற்கான நாளும் நேரமும், கணினியில் எடுக்க வேண்டும். நான் இங்கே இருந்து திறக்க இல்லை என்கிறது. அவள் அங்கே இருந்து திறக்க இல்லை என்கிறது. இல்லை, இல்லை, இல்லை. பேர்லினில் பாதிப் பேருக்கு விசா அலுவல் பார்த்துக் கொடுத்தவன் நான், அண்ணை. அந்த மற்றப் பாதிக்குப் பார்த்தவன் எவனோ, அவன்தான் இந்தக் கணினியைச் செய்திருக்க வேண்டும்.

ஒருமாதிரி நாள் கிடைத்தது. அப்போது வந்தது அடுத்த தலையிடி.

இந்த நாட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. லேபன்ஸ்லவ்ஃப் என்று ஒன்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் போனதிலிருந்து இன்றுவரை என்ன படித்தாய், எங்கே வேலை செய்தாய் என்ற வரலாறு. அதில் இடைவெளி இருக்கக் கூடாது. சும்மா ஒரு மூன்று மாதம் இருந்தாலும் அந்த மூன்று மாதமும் எங்கே போனாய் என்பார்கள். சுபாவின் தாளில் இரசாயனப் பட்டம் இருந்தது. தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில் வேலை இருந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் வெள்ளையாய் இருந்தது.

அந்த வெள்ளை நீங்கள்தான், அண்ணை.

உங்களுக்குப் பாரிசவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போன அதே கிழமையில் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அண்ணியும் அதற்கு முன்னமே போய்விட்டா. பிறகு நீங்கள் கண்ணை மூடுமட்டும் அவளுக்கு வேறு உத்தியோகம் இல்லை. இதை அந்தத் தாளில் எந்தப் பெட்டிக்குள் எழுதுவது?

நான் விடுவேனா? நானே நிரப்பினேன். "தனியார் மருத்துவ நிலையம், யாழ்ப்பாணம். பொறுப்பாளர்." எழுதி அனுப்பி அரைமணித்தியாலம் இல்லை, தொலைபேசி அடித்தது.

"சித்தப்பா, இதென்ன? நான் எப்ப ஆசுப்பத்திரி நடத்தினனான்?"

"கட்டில் இருந்ததோ இல்லையோ?"

"இருந்தது."

"நோயாளி?"

"சித்தப்பா..."

"டொக்டர் கிழமைக்கு ஒருக்கா வந்தவர். மருந்து நேரத்துக்குக் குடுத்தனி. உதுக்கு வேற என்ன பேர் பிள்ளை? ஒரு நோயாளியோட ஒரு ஆசுப்பத்திரி. பெரிய டிரெக்டர் உன்ர அப்பா. கண்ணாலயே அதட்டுவார்."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "அழியுங்கோ" என்றாள்.

உங்கள் மகள் அல்லவா. நானும் பார்த்தேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். பதினொரு வருடத்துக்கு ஒரே வரி எழுதினாள்: "என் தந்தையைப் பராமரித்தேன்." அவ்வளவுதான்.

கொழும்புக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட கேள்விகளை எனக்கு அன்று பின்னேரமே சொன்னாள். இந்த வயதில் ஏன் படிப்பு? இத்தனை வருடம் புத்தகம் தொடாமல் இருந்துவிட்டு இனிப் படிக்க ஏலுமா? இன்னொன்றும் கேட்டார்களாம்.

"'உங்கட சித்தப்பாவுக்கு என்ன வயசு? படிக்கப் போறீங்களா, இல்லை இனி அவரைப் பார்க்கப் போறீங்களா?' எண்டு கேட்டவை."

"நானென்ன விழுந்தே கிடக்கிறன்?" என்று கத்தினேன். எங்கள் உணவகத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்த பொன்னம்பலம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான், நான்தான் விழுந்துவிட்டேன் என்று.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அந்த ஒரு வரிக்கு நாக்வைஸ் தரட்டுமாம். அத்தாட்சி. தந்தையைப் பராமரித்ததற்கு அத்தாட்சி.

நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை கதை சொல்லியிருப்பேன்! என் கறியைச் சாப்பிட்ட ஒரு மந்திரி எழும்பி நின்று கைகுடுத்தார் என்று சொல்லாத இடமில்லை. ஒருவரும் அத்தாட்சி கேட்டதில்லை. எங்கள் குடும்பத்திலிருந்து முதல்முதலாய் ஒரு உண்மை, ஒரே ஒரு வரி, அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. அதற்குக் கேட்கிறார்கள், அண்ணை!

சுபா அலைந்தாள். அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள் என்று எங்கள் கிராம அலுவலர் விதானையார் எழுதித் தந்தார். நீங்கள் படுக்கையில்தான் இருந்தீர்கள் என்று டொக்டர் எழுதித் தந்தார். வீட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் நடந்ததற்கு யார் எழுதித் தருவது? உங்களைப் புரட்டிப் படுக்க வைத்ததற்கு ரசீதுத் துண்டு உண்டா? முதுகு துடைத்ததற்கு யார் முத்திரை குத்துவது? ஒரே ஒரு சாட்சி நீங்கள். உங்களுக்கு விலாசம் இல்லை.

"விடுங்கோ சித்தப்பா" என்றாள். "எனக்கு ஏலாது. இனி இதுக்கெண்டு ஒவ்வொரு வாசலா போய் அப்பாவைப் பற்றிக் கதைக்க எனக்கு ஏலாது."

அவள் வாயில் "ஏலாது" என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

அன்றைக்குத்தான் நான் எழுதுவது என்று முடிவெடுத்தேன். நேரில் கண்ட சாட்சி நான்தானே. நீங்கள் படுக்கையில் இருந்தபோது நான் ஊருக்கு வந்து நின்ற மூன்று கிழமையும் கண்ணால் கண்டதை எழுதினேன். காலையில் எழுப்பி முகம் துடைப்பாள். சாறத்தை மாற்றுவாள். சீப்பால் தலை இழுத்து, திருநீறு பூசி, கண்ணாடியைக் காட்டுவாள். நகம் வெட்டும்போது நீங்கள் இடக்கையை ஒளிப்பீர்கள், அவள் தேடிப் பிடிப்பாள். இதில் ஒரு பூச்சும் இல்லை. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். எனக்கே என் எழுத்துப் போல் இல்லை.

ஆனால் அவர்கள் கேட்டது அது மட்டும் இல்லையே. இத்தனை வருடம் படிப்பை விட்டவள் இனி எப்படிப் படிப்பாள் என்பதும் அல்லவா கேள்வி? அதற்கு நான் ஒன்றும் காணவில்லை. நான் நின்ற நாட்களில் அவள் கையில் ஒரு புத்தகத்தைக்கூடக் காணவில்லை.

பேனையை வைத்துக்கொண்டு உங்களை நினைத்தேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு கைவிட்டாலும் நீங்கள் விடவில்லை. என் சோற்றுக் கோப்பையை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு, பிறகு தின்னு" என்பீர்கள். ஏழேழு வரைக்கும் வருவேன். அதற்கு மேல் பசி விடாது. அப்படிப்பட்ட மனுசன் பேச்சுப் போனால் மட்டும் மாறிவிடுவாரா?

பேனை தானாக ஓடியது. "கஞ்சியைக் கரண்டியால் தீத்த வந்தால் என் அண்ணை வாயை இறுக மூடிக்கொள்வார். மகள் தன் இரசாயனப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் சத்தமாய் வாசித்தால்தான் வாயைத் திறப்பார். இப்படித்தான் அவள் பதினொரு வருடமும் படித்தாள்."

கண்டேனா? இல்லை. எழுதிவிட்டேன். அழகாக இருந்தது.

படமெடுத்து சுபாவுக்கு அனுப்பினேன். எசனில் இருக்கிற என் மகள் ஜெர்மனில் மாற்றுவதற்கு முதல் அவள் ஒருக்கால் பார்க்கட்டும் என்று. "இதில எவ்வளவு பொய் இருக்கு சித்தப்பா?" என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு சொல்லும் இல்லை என்று பதில் போட்டேன். அடுத்த நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தாள்.

"சித்தப்பா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"எதை?"

"கஞ்சிக் கதையை."

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அழித்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள். குரல் ஒருமாதிரி இருந்தது. "நீங்கள் வந்து நிக்கேக்க நீங்கள்தானே தீத்தினீங்கள். உங்கட கையால அப்பா பேசாமச் சாப்பிட்டவர். மற்ற நாளெல்லாம் இதுதான். நான் என்ர பழைய புத்தகத்தை எடுத்தாத்தான் வாய் திறப்பார். மூடினா மூடிப்போடுவார். முதல்ல எனக்கு விசர் பிடிக்கும். பிறகு பிறகு... எல்லாப் புத்தகமும் எனக்குப் பாடம் சித்தப்பா. சொல்லுங்கோ, ஆர் சொன்னது?"

அண்ணை, வாயால் பிழைக்கிறவன் நான். அப்படியே வெங்காயச் சாக்கின் மேல் இருந்துவிட்டேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத் தெரியாத விசயம் இருக்கே பிள்ளை" என்றேன்.

எப்படி எழுதினேன்? நீங்கள்தான் சொன்னீர்களா? சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே, இந்தப் பயம் எனக்கு இருந்திருக்காதே. மலரில் இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று: அந்த வரி உண்மை. மகளே சொல்லிவிட்டாள். நான் அளந்தேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். அந்த விசாக் கந்தோரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்து, அவர் கையில் இந்தப் பக்கம் அகப்பட்டால், அவரும் வாசிக்கட்டும். அதற்காகத்தான் நாலு வரிப் பாட்டு வேண்டாம் என்றேன்.

சாட்சியை அனுப்பி நாளாகிவிட்டது. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பதில், ஒரே எழுத்து, புள்ளி கூட மாறாமல். அக்டோபரில் வகுப்புத் தொடங்குகிறது. கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை என்று பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது. எவ்வளவு பிந்தலாம் என்று எழுதவில்லை. இங்கே மரங்கள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. சுபா தன் பெட்டியை அடுக்கிப் பாதியில் விட்டிருக்கிறாளாம். மூடவும் மனமில்லை, பிரிக்கவும் மனமில்லை என்கிறாள்.

போன வெள்ளி கோயிலில் ஒருவர், "என்ன அண்ணை, பெறாமகளுக்கு விசா வந்திட்டுதெண்டனீங்கள், ஆளைக் காணேல்லை?" என்றார். ஓம், வந்துவிட்டது என்று நான் முன்னமே சொல்லிவைத்திருந்தேன். "விமானத்தில இடம் கிடைக்கேல்லை" என்றேன். பக்கத்தில் ராணி நின்றாள். முதல் தடவையாக என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

அண்ணை, கஞ்சிக் கதை போல இந்த விசாக் கதையையும் நீங்கள் உண்மையாக்க மாட்டீர்களா?

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள், மறுத்தார்களானால் திரும்பவும் விண்ணப்பம் போட்டு, அவள் வந்து இறங்குவாள். வந்த அன்றைக்கு என் கையால் சமைப்பேன். இறால் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, அவளுக்குப் பிடித்த எல்லாம். கோப்பையை அவள் முன்னால் வைக்க மாட்டேன். என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "புத்தகத்தைத் திற பிள்ளை, ஒரு பக்கம் வாசி, பிறகு சாப்பாடு" என்பேன். அவள் வாசிப்பது எனக்கு ஒரு சொல் விளங்காது. விளங்கினதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஏழேழுக்கு அப்பால் இன்னமும் போகாத,
உங்கள் ஒரே தம்பி