என் பெயருக்கு மட்டும் ஓர் அர்ச்சனை

15 ஜூலை 1988, வெள்ளி. பிளேஸ்டோ, லண்டன்.

இன்றும் கடிதம் வரவில்லை. பொலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டை முடித்த நானும் அறைத்தோழன் ஜெராட்டும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு மாற விண்ணப்பித்திருக்கிறோம். நேரே இரண்டாம் ஆண்டில் சேர இடம் கிடைப்பது அருமை. எங்களில் ஒருவரை எடுத்தாலே பெரிய காரியம்.

ஜெராட் மன்னார்க் கத்தோலிக்கன். செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறான். பின்னேரம் சோறு வடிக்கும்போது நான் சும்மா கிடக்காமல் வாயைக் கொடுத்தேன்.

"கடவுள் என்ன, அட்மிஷன் ஒபிசிலயே இருக்கிறார்? மார்க்ஸைப் பாத்துத்தான் எடுப்பாங்கள்."

"அப்ப நீ ஒண்டையும் நம்பேல்லையோ?"

"இல்லை. சரி, ஒரு இடந்தான் இருக்கெண்டால் உன்ர அந்தோனியார் அதை ஆருக்குக் குடுப்பார்?"

அவன் அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "அது எனக்குத் தெரியாதடா. நான் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேட்டனான்."

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

இன்று காலையில்தான், லைப்ரரிக்கு என்று அவனிடம் சொல்லிவிட்டு நான் போனது கோயிலுக்கு. ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என்னுடையதைச் சொன்னேன். "வேற ஆருக்கும்?" என்று தட்டோடு நின்றார். இல்லை என்றேன். நாத்திகம் பேசியபோதும் விபூதிப் பொட்டலம் என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

ஜெராட் குறட்டை விடுகிறான். நாளை சனிக்கிழமை, தபால் உண்டு. ஒரு கடிதம்தான் வருமென்றால் அது எனக்கு வரட்டும் என்றுதான் இப்போதும் மனம் கேட்கிறது.