சாய்வாகச் சீவிய பல்சக்கரம்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய். ஆம்பூர்.

சலீம் பொய் சொல்கிறான்.

என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த இரண்டும் பொம்மை விமானத்துக்கான மோட்டார்கள். அரை வட்டம் சுற்றியதும் நின்றுவிடும். உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும் சின்னத் தடுப்பை வெட்டினால்தான் முழுதாகச் சுற்றி, நான் செய்துகொண்டிருக்கும் ரோபோவின் சக்கரத்தை ஓட்டும். ஒன்றைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சலீம் வாங்கிப்போய், நேற்றுத் திருப்பித் தந்தான். இன்று வெட்டலாமென்று திறந்தால் தடுப்பே இல்லை. யாரோ சாய்வாகச் சீவி எடுத்திருக்கிறார்கள், ஷூவுக்குத் தோலின் ஓரத்தைச் சீவுகிற மாதிரி. கம்பெனியில் சலீமுக்கு அதுதான் வேலை.

டீக்கடையில் கேட்டேன்.

“மோட்டாரத் திறந்தியா?”

“மூடியக்கூட தொடல தோஸ்த். இன்னாத்துக்கு கேக்குற?”

வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை, வேலை மிச்சம். ஆனால் ஏன் மறைக்கிறான்? ரோபோவுக்காக நான் வரைந்த படங்களையெல்லாம் அவனிடம் மட்டும்தானே காட்டினேன்.

கிளம்பும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டான்: “அந்த இன்னொன்னையும் குடேன், பாத்துட்டுத் தரேன்.”

ரோபோ ஓட இரண்டு மோட்டார் வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அந்த இன்னொன்று இப்போது என் தலையணைக்கடியில் இருக்கிறது. மேரி புரண்டு படுத்துச் சொல்கிறாள்: “என் நகையக்கூட நீங்க இப்படி வெச்சிக்கினு படுத்ததில்ல.”