தொண்டையில் வெட்டை

குத்தாலம்
9.5.2025

அன்புள்ள அரவிந்தனுக்கு அப்பா எழுதுவது.

சிங்கப்பூரிலிருந்து உன் கடிதம் வந்தது. போனில் சொல்லக் கூச்சம், தொண்டையில் வெட்டை என்று எழுதியிருக்கிறாய். அட, இதற்கா கூச்சம்? எனக்கு வருசா வருசம் சித்திரை வெயிலில் வெட்டைச் சூடுதான்! எண்ணெய் தேய்த்துக் குளி. வெந்தயம் ஊற வைத்துத் தின்னு. பஞ்சநதம் மாமாவிடமும் சொன்னேன். "புள்ளய எளநி குடிக்கச் சொல்லுங்க மச்சான்" என்றார். பத்தாவது பெயிலானவன் வைத்தியம்தானே என்று தள்ளிவிடாதே.

அப்பா
ராசு


சிங்கப்பூர்
19.5.2025

அப்பா,

அது உடம்புச் சூடு இல்லை. வெட்டை நோய். உடலுறவில் ஒட்டுவது, எனக்குத் தொண்டையில் வந்திருக்கிறது. ஆங்கிலப் பெயரை எழுதக் கை வராமல் தமிழ்ப் பெயரைத் தேடி எழுதினேன், அது இப்படி ஆகிவிட்டது. ஊசி போட்டாயிற்று. போய்விட்டதா என்று மறுபடி சோதிக்கக் கூப்பிடுகிறார்கள். போகவில்லை என்று சொல்லிவிட்டால்? கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

வானதி என்ற பெண்ணோடு பழகுகிறேன். அவளைச் சந்திக்கும் முன்பே ஒட்டியதாகத்தான் இருக்கும். அவளிடமும் சொல்லவில்லை. திட்டி எழுதுங்கள் அப்பா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அரவிந்தன்


குத்தாலம்
28.5.2025

அரவிந்தா,

படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் பூர்ணிமா டாக்டரிடம் போனேன். "மகனுக்கு" என்று சொல்ல வாய் வராமல் "எனக்கு" என்றுவிட்டேன். அந்தம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் டெஸ்ட் பாக்கணும்" என்றார். துணைக்கு வந்த உன் அம்மா வெளிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்! அந்த நிமிடமே உண்மையைக் கக்கிவிட்டேன்.

குணமாகிற நோய்தானாம். ஆனால் தொண்டை என்றால் மறு சோதனை கட்டாயமாம். மிச்சம் இருந்தால் மறுபடி மருந்து. அந்தப் பெண்ணும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இந்த வயதில் நானே இந்த மானக்கேட்டைத் தாங்கிவிட்டேன், உனக்கென்னடா? போ. வானதியிடம் சொல்லிவிட்டுப் போ.

அம்மா கேட்டது ஒன்றுதான். "சோறு எறங்குதாமா?"

அப்பா


சிங்கப்பூர்
9.6.2025

அப்பா,

சொன்னேன். முதலில் வானதி எழுந்து போய்விட்டாள். பிறகு அவளே வந்து, "கெளம்பு, ரெண்டு பேரும் போவோம்" என்றாள். போனோம். என் தொண்டையில் இப்போது எதுவும் இல்லை. அவளுக்கும் இல்லை. கிளினிக் வாசலிலேயே கத்திச் சிரித்தோம்.

சோறு நன்றாக இறங்குகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அரவிந்தன்


குத்தாலம்
20.6.2025

ஜெயித்து வந்த என் அரவிந்தனுக்கு,

கடிதத்தில் நல்ல சேதியைப் படித்த வேகத்தில் தெருவில் இறங்கி, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். "என்ன மச்சான் வந்துடுச்சு?" என்று ஓடிவந்தார் பஞ்சநதம் மாமா. பின்னாலேயே ஊரும் வந்தது. உன் தொண்டையை ஊருக்குச் சொல்ல முடியுமா? அணை திறந்ததிலிருந்து ஊரே காத்துக் கிடக்கிறதே என்று, "வாய்க்கால்ல தண்ணி" என்று அடித்துவிட்டேன். அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஓடினார்கள். உதை வாங்கத் தயாராக நானும் பின்னால் போனால், காவிரித் தண்ணீர் நிஜமாகவே நுரை தள்ளிக்கொண்டு வருகிறதடா!

வானதியைக் கூட்டிக்கொண்டு வா. முதல் சேதி சொன்ன மனுசன் என்று, முதல் மடையை நம் வயலுக்குத்தான் திறந்தார்கள்.

அப்பா