தண்ணீர் ஊற்றக் கூடாத பாத்தி

மே 7, 2025

கடைசியில் நான் படிப்பிக்கும் மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாத்தி கிடைத்துவிட்டது. கழிப்பறைக்குப் பின்பக்கம், வெயில் மட்டும் தாராளம். இந்த ஆஸ்திரேலிய மண்ணின் ஆதிக்குடிகள் சாப்பிட்ட மர்னோங் கிழங்கை அதில் வளர்த்து, பிள்ளைகளே தோண்டிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட அதிபர் மிசிஸ் ஹார்டி நிபந்தனை போட்டிருக்கிறார்: ஆண்டு முடிவதற்குள் கிழங்கு வந்தால் பாத்தி எல்லா வகுப்புக்கும் நிரந்தரம். வராவிட்டால் அந்த இடத்தில் ஏறி விளையாடும் கம்பிகள்.

நாற்றுகளைக் கொண்டுவந்தவள் கெய்லா. ஆதிக்குடிப் பெண், இருபத்தாறு வயது, புதன்கிழமைகளில் வந்து வகுப்பெடுப்பவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் உங்கள் சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவளிடமே கேட்டேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். முழங்கால் இன்னும் நோகிறது.

மே 24

என் மனுசன் சுகிர்தன் பாத்தியைப் பார்க்க வந்தார். ஊரில் வெங்காயம் பயிர்செய்த குடும்பம், சும்மா இருப்பாரா? "காய்ஞ்செல்லோ கிடக்கு. தண்ணி விடாமல் பயிர் வருமோ?" எனக்கும் அதே எண்ணம்தான். இனிக் காலையில் ஒரு வாளி, பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு வாளி. அவர் ஒரு மூட்டை சாணி உரமும் போட்டார்.

ஜூன் 18

ஆறு செடிகள் சாய்ந்துவிட்டன. கெய்லா ஒன்றைப் பிடுங்கினாள். வேர் அழுகிக் கூழாக இருந்தது. யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் என்னைக் கைகாட்டினார்கள். ஒன்றாவது மிஸ் யோகாவைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கக் கூடாதா!

வெட்கமாகப் போய்விட்டது. இந்தச் செடிக்கு இங்கே பெய்யும் மழையே போதும், உரமும் வேண்டாம் என்றாள். சாணி கலந்த மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சாய்ந்த இடங்களில் புது நாற்று வைத்தோம்.

ஜூலை 23

தண்ணீர் ஊற்றவில்லை. கை பரபரக்கிறது. "பயிரைப் பட்டினி போடுறீர்" என்று வீட்டில் ஒருவர்.

அக்டோபர் 15

பூத்துவிட்டது! தலை குனிந்து நின்ற மொட்டுகளெல்லாம் இன்று நிமிர்ந்து மஞ்சளாக விரிந்திருக்கின்றன. பிள்ளைகள் குதித்த குதியில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தார்.

ஒரு காலத்தில் மெல்பேர்னைச் சுற்றிய வெளிகளெல்லாம் இந்த மஞ்சள்தானாம். பெண்கள் கூட்டமாகப் போய்க் கிழங்கு தோண்டுவார்களாம். பிறகு வெள்ளையர் கொண்டுவந்த செம்மறியாடுகள் கிழங்கோடு மேய்ந்துவிட்டன என்றாள் கெய்லா. வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை வினுஷா கையை உயர்த்தினாள். ஆட்டை ஏன் ஒருவரும் கட்டி வைக்கவில்லை?

கெய்லா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, ஆட்டுக்காரர்களிடம் சுடுகிற துவக்கு இருந்தது என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளைகள், துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். யுத்தத்துக்குள் வளர்ந்த எனக்குத் துவக்கு என்றால் விளங்கும்.

நவம்பர் 28

இலைகளெல்லாம் பழுத்துப் படுத்துவிட்டன. மிசிஸ் ஹார்டி வந்து பார்த்தா. செத்துப்போச்சாம். வியாழக்கிழமை கம்பி போடுறவர் வாறாராம். அதெப்பிடிச் செத்தது? தோண்டிப் பாத்தனீங்களோ? வந்த கோபத்தில பாதி தமிழில கத்திப்போட்டன். அவவுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல, ஆனால் தலையாட்டினா. புதன்கிழமை தோண்டுறம்.

கெய்லாவுக்கு போன் எடுத்தேன். கோடை வந்தால் இலை அப்படித்தான் படுக்கும், கிழங்கு கீழே இருக்கும் என்றாள். இருக்கும் — ஆனால் நான் ஊற்றின தண்ணி?

டிசம்பர் 1

ஆறு செடியை நான்தானே கொன்றது. மற்றதுகளையும் கொன்றுபோட்டனோ?

டிசம்பர் 3

வந்துவிட்டது! வந்துவிட்டது!

காலையிலேயே மிசிஸ் ஹார்டியும் வந்து நின்றார். பிள்ளைகள் கெய்லாவோடு சேர்ந்து சீவிய தோண்டுகுச்சிகளை ஊன்றினார்கள். முதல் செடியில் நூல் மாதிரி வேர் மட்டும். இரண்டாவதிலும் அதேதான். மிசிஸ் ஹார்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 

"மிஸ்! இங்க வாங்கோ! ஓடி வாங்கோ!" வினுஷா. ஒரு வருடமாக என்னோடு ஆங்கிலம் மட்டுமே பேசிய பிள்ளை! அவள் கையில் மண்ணோடு ஒரு கொத்து, விரல் பருமனில் வெள்ளைக் கிழங்குகள். பிறகு அடுத்த செடி, அதற்கடுத்தது. கூடை நிறைந்துவிட்டது. பெரியதை எடு, சின்னதைத் திரும்ப மண்ணுக்குள் வை என்று கெய்லா சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பிள்ளைகூட ஏமாற்றவில்லை.

ஒன்றைக் கழுவிப் பச்சையாகவே கடித்த வினுஷா, "தேங்காய்!" என்றாள். உண்மைதான், தேங்காய்ச்சொட்டின் இனிப்பு. மிச்சத்தைக் கரியில் சுட்டோம். மிசிஸ் ஹார்டி இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினார். கம்பிகள் மைதானத்தின் மற்றப் பக்கம் போகட்டும் என்றார்.

கெய்லா மெதுவாகத்தான் சாப்பிட்டாள். "எனக்கு இது முதன்முதல் கிடைத்தபோது இருபத்திரண்டு வயது. இவர்களுக்கு எட்டு" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு இரண்டு பேரும் காரணமில்லாமல் சத்தமாகச் சிரித்தோம்.

வெண்டிட்டம்!

ஏப்ரல் 22, 2026

கோடை முழுதும் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. புது மூன்றாம் வகுப்பு தினமும் வந்து செத்துப்போச்சா என்று கேட்டது. இரவு பெய்த மழைக்கு இன்று காலை பச்சை முளைத்திருக்கிறது. போன வருடத்தை விட நெருக்கமாக.

பக்கத்தில் ஒரு பலகை. நாலாம் வகுப்புக்குப் போய்விட்ட வினுஷாவின் கையெழுத்து. "இது சாகவில்லை, நித்திரை கொண்டது. தண்ணீர் ஊற்றக் கூடாது."

அதற்குக் கீழே, சிவப்பு மையில்: "முக்கியமாக மிஸ் யோகா."