பூ ஒடிக்கும் வேலை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

தளவாய்புரம் தோட்டத்தில் முதல் வாழை இன்று பூத் தள்ளிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள். எனக்கு மனசே சரியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் செல்வி, வாரம் தவறாமல் வந்து என் தோட்டத்தில் இலை அறுத்துப் போவாள். கணவரை இழந்தவள். என் மனைவி இறந்தபின் நானும் தனியாள். அறுத்து முடித்ததும் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவோம். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருப்பது.

இன்று பூவைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒண்ணு தள்ளினா மத்ததும் வரிசையா தள்ளிரும். இனி இலையில கை வைக்கக் கூடாது. காய் பெருக்காது."

"பரவால்ல, அறுங்க. சிறுத்தா சிறுத்துட்டுப் போகுது."

"இம்புட்டு நாளு தண்ணி பாய்ச்சினது இந்தக் காய்க்குத்தான? நான் வேற தோட்டம் பாத்துக்கிடுதேன்."

"சீப்பெல்லாம் வெளிய வந்த பொறவு பூவை ஒடிக்கணும். அதுக்காவது வாங்க. கடைக்குப் பொரியல் ஆகும்ல."

சிரித்தாள். "அது ஒரு நாள் வேலைதான?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு நாள் வேலை இல்லை. எல்லா மரமும் ஒன்றாகத் தள்ளாது. கடைசிப் பூவை ஒடிக்கத் தை பிறந்துவிடும். அதைச் சொல்லாமல் அவள் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன் நம்பர் இருக்கிறது. ஆனால் இந்நேரத்தில் கூப்பிட்டு வாழைப்பூவைப் பற்றியா பேசுவது?