சீட்டில் மூணு பேர்

என் பாட்டுக்கார நைனாவுக்கு,

நான் கொடுத்த சீட்டைத் தேசப்பன் மாமா ஒரு தரம் பார்த்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நேற்று மத்தியானம், நம் தெரு மீன்கார லோகம்மா சாவு வீட்டில். மடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் அதைப் பாடப்போவதில்லை என்று.

உனக்கு டோலக் அடித்தவர்தான் இப்போது சாவு வீட்டுக் கானாவுக்கு மைக் பிடிக்கிறார். உள்ளே போய்ப் பொம்பளைகளிடம் உறவுக்காரர் பேரைக் கேட்டு எழுதி வருவது இப்போதும் நான்தான். உனக்குப் படிக்க வராது, காதில் சொல்லுவேன். ஒரு தரம் சொன்னால் போதும், அத்தனை பேரையும் பாட்டில் கோத்துவிடுவாய்.

நேற்றைய சீட்டில் இருந்தது மூணே பேர். ராணி, குமாரி, ஜோதி.

"இன்னா பாப்பா, ஆம்பள பேரே காணோம்?"

"அவங்களுக்கு மூணும் பொண்ணு மாமா."

"தம்பி மவன் எவனாச்சும் கீறானா கேளு. பொண்ணுங்க பேரப் பாடுனா நாளைக்கி எவன் என்னைக் கூப்புடுவான்?"

தலைமாட்டில் இருந்த ராணியக்காவுக்குக் கேட்டுவிட்டது. "அப்போ நாங்க யாரு மாமு, பக்கத்து வூடா?"

"வழக்கம்மா. நான் இன்னா பண்றது."

யாரோ தம்பி மகன் ஒருத்தன் பேரைச் சொன்னார்கள். லோகம்மா ஆறு மாசம் படுக்கையில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன். மாமா அவன் பேரைத்தான் பாடினார். "இவன் பேரக் கேட்டா எங்கம்மா எழுந்தே உக்காரும், திட்டுறதுக்கு," என்றாள் குமாரியக்கா. அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஜோதி மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அசதியாக இருந்தது. விடியற்காலையிலிருந்து எறா உரித்து, ஐஸில் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. உன் சாவுக்கும் நான்தான் சீட்டு எழுதினேன். சித்தப்பா பேர், அவர் பசங்க பேர். நீ படுத்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டவள் பேரை நானே எழுதவில்லை. பாடமாட்டார்கள் என்று தெரியும். நீயும் பாடினதில்லையே. எத்தனை வீட்டில் எத்தனை பொண்ணுங்க பேர் உன் காதோடு நின்றுபோனது? ஏன் நைனா? உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாடியிருப்பாயா?

மாமா ஒரு அடி முடித்துத் தண்ணீர் குடித்தார். டோலக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பொம்பளைகள் நடுவில் உட்கார்ந்த இடத்திலேயே, உன் மெட்டில், மைக் இல்லாமல் அந்த மூணு பேரையும் பாடினேன்.

உன் வருஷ நினைவு நாள் கானாவுக்கும் சீட்டு எழுதுவேன் நைனா. இந்தக் கடுதாசிக்குக் கீழே இருக்கிற பேரைத்தான் முதலில் எழுதுவேன்.

உன் ஒரே மகள்,
அமுலு